மைதீன் பாய் கை தூக்கிய கதை

புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்களுக்கு முதலில் தேய்வது மூக்கு. நல்லவேளை, வாய் தேய்வதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் ரூமில் நான் சிஸ்டர். பிளாஸ்திரியைப் பிய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்பதால் நாமெல்லாம் ஒரே கட்சி. இங்கே வருகிறவர்களில் எனக்கு அதிகக் குறுகுறுப்பு அக்குள் கட்டிக்காரர்கள் மேல்தான். அந்த வியாதிக்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. கட்டி வரும், உடையும், ஆறும், பக்கத்திலேயே திரும்ப வரும். தோலுக்கு அடியில் எலி வளை மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். தொற்றாது, அழுக்கால் வருவதும் இல்லை. ஆனால் வாடை உண்டு. மருந்துக்குக் கேட்காவிட்டால் அந்த இடத்துத் தோலையே வெட்டி எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எந்தக் கை?

மைதீன் பாய் மேலப்பாளையத்துக்காரர். டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய அத்தர் வாசனை வந்துவிடும். முதல் நாள் டாக்டர், "கையைத் தூக்குங்க பாய்" என்றார். பாய் இடது கையைத் தூக்கினார். "கட்டி எந்தப் பக்கம்?" "வலது பக்கம் டாக்டர்." "அப்போ அதைத் தூக்குங்க." மறுபடியும் இடதுதான் மேலே போனது.

கடையில் தோள் உயரத் தட்டில் இருக்கும் சேலைக்குக்கூட முக்காலி போட்டு ஏறுவாராம். வலது கை விலாவை விட்டுப் பிரிந்தால் உயிர் போகிற வலி, கூடவே வாடை. இதெல்லாம் எத்தனை வருஷப் பழக்கம் என்று கேட்டேன். "தூக்குன்னு சொன்னா எடதுதான் கேக்கும் சிஸ்டர், வலதுக்கு அந்தப் பேச்சே மறந்து போச்சு" என்றார்.

எங்கே கூசும்?

பாய்க்கு மருந்து கேட்கவில்லை; ஆபரேஷன் செய்து தோலை வெட்டி எடுத்து, புண்ணைத் தானாகவே ஆற விட்டார்கள். ஏரலில் இருந்து வரும் செல்வி டீச்சருக்கு வேறு வழி: தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து அக்குளில் ஒட்டினார்கள். ஒருநாள் நான் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் கேட்டாள்: "இங்கன கிச்சுகிச்சு மூட்டினா எங்கன கூசும் சிஸ்டர்? கக்கத்துலயா, தொடையிலயா?"

எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் ஓடினேன். அவர் பேனாவைக் கடித்தபடி யோசித்துவிட்டு, "ஆறின பிறகு அவங்களையே கேளுங்க" என்று தப்பித்துக்கொண்டார். சில மாதம் கழித்து டீச்சர் வந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்தாள். "எம்மவ சோதிச்சுப் பாத்துட்டா. ஒட்டுன எடத்துல தொட்டாத் தெரியவே இல்ல. ஆனா அவ விரலை நீட்டிட்டு வருதான்னதுமே எனக்குச் சிரிப்பு வந்துட்டு."

வெள்ளிக்கிழமைத் தாராளம்

மற்ற நாளெல்லாம் மைதீன் பாய் நாங்கள் அறையைக் கூட்டுவதற்குள் வந்து நிற்பார். வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறவர்களையெல்லாம், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் அனுப்பிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகலையா பாய்?" என்றால், "பைய போவலாம்" என்பார். எனக்கு மண்டை காய்ந்தது. கட்டுப் பாதி போட்டிருக்கும்போது யாரும் எழுந்து ஓட முடியாது என்பதால் அப்போது பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"தொழுகையில தோளோட தோள் ஒட்டி நிக்கணும், எடைவெளி விடக் கூடாது. சீக்கிரமாப் போனா நடுவுல மாட்டிக்கிடுவேன். பக்கத்துல நிக்கவரு மூக்கு என்ன பாவம் செஞ்சுது? லேட்டாப் போனா கடைசி வரிசை, ஓரத்துத் தூண் பக்கம். தூணுக்கு மூக்கு கெடையாதுல்லா" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துபாயில் இருக்கும் மகனுக்கு இந்தக் கட்டி விஷயமே தெரியாதாம்; மகனிடம் எப்படிச் சொல்வது என்று மறைத்தே வந்திருக்கிறார். ஆபரேஷனுக்குச் சம்மதித்ததே அவனுக்காகத்தான். "போன லீவுல வந்தப்ப, நான் லேட்டா வாரதப் பாத்துட்டு, 'ஒங்களுக்குப் பள்ளிவாசல விடக் கடைதான் பெருசு வாப்பா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான் சிஸ்டர்" என்றார்.

பழசா, புதுசா?

புண் நன்றாக ஆறியது. வலது கை காதுவரை போனது. மகனும் லீவில் வந்து இறங்கினான். அந்த வாரம் பார்த்துத் தழும்புக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு வீக்கம். "வெட்டியும் வந்துட்டே" என்று பாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் தழும்பு நெடுக அழுத்திப் பார்த்தார். "வெட்டின இடம் சுத்தமா இருக்கு பாய். இது அதுக்கு வெளியே, புதுசு. இந்த வியாதி இடம் மாத்திப் பாக்கும், நாமளும் விடாமப் பாத்துக்கணும்" என்று மாத்திரை எழுதினார்.

பாய்க்கு அது ஆறுதலாக இல்லை. டாக்டர் போனதும் என்னிடம், "அவரு கண்ணால பாத்துச் சொல்லுதாரு. நீங்க மூக்கால பாத்துச் சொல்லுங்க" என்றார். உப்புத் தண்ணீரால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, கிட்டப் போய் மோந்து பார்த்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பயத்தோடு நான் எதையும் மோந்ததில்லை. பிறகு உள்ளதைச் சொன்னேன்: "கட்டியில வாடையே இல்ல பாய். சட்டையில இருக்க அத்தராலதான் எனக்குத் தலை வலிக்குது."

முதல் ஆள்

அடுத்த வெள்ளிக்கிழமை, அவர் அறைக்குள் வந்து நின்ற பிறகுதான் பாய் வந்திருப்பதே எனக்குத் தெரிந்தது. அத்தர் இல்லை. "இன்னைக்கு என்னய மொதல்ல விட்டுருங்க" என்று அவசரப்படுத்திவிட்டுப் போனார். திங்கட்கிழமை வந்தபோது வீக்கம் வற்றியிருந்தது, ஆனால் நான் அதையா கேட்பேன்? பள்ளியில் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார், கண் கலங்கியிருந்தது. "ரெண்டாவது வரிசை, நடுவுல. நான் பழக்கதோசத்துல கொஞ்சம் தள்ளி நின்னேன். எம்மவன் தோளால இடிச்சு, 'இன்னும் ஒட்டி நில்லுங்க வாப்பா'ன்னான்."

இப்போதும் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னால் பாய் முதலில் இடது கையைத்தான் தூக்குகிறார்; அதற்கு மட்டும் எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் ஆபரேஷன் வரவில்லை.