சிவப்புப் பூசிய பலகை

இன்று காலை ஏழேகாலுக்கு, எங்கள் லம்பா லைன் தெரு வீட்டின் புது வராந்தாவில் குதித்த மகளின் காலடியில் பலகை முனகியது.

"படாக் மரம்தானே?" என்று கணவரிடம் கேட்டேன்.

"எத்தனை தடவை கேப்ப? படாக்தான்."

நான் நம்பவில்லை, கத்தியால் சுரண்டினேன். உள்ளேயும் சிவப்புதான். அடுத்த பலகையையும் சுரண்டினேன்.

சின்ன வயதில் லாங் ஐலண்ட் தீவில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா தச்சு மிஸ்திரியை வைத்து வராந்தா போட்டார். கொசுவுக்குச் சுற்றிலும் கம்பிவலை, தரைக்குச் சிவப்புப் பலகை. "அசல் படாக். பேரன் காலத்துக்கும் உளுத்துப்போகாது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தினமும் அதைத் துடைப்பாள். மழை நாளில் ஈர மரமும் வார்னிஷும் மணக்க, அங்கே உட்கார்ந்துதான் படிப்பேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் பலகை உடைந்து அம்மாவின் கால் முழங்கால்வரை உள்ளே இறங்கியது. சிவப்பு வெறும் சாயம். உள்ளே கறையான் தின்ற வெள்ளைக் கட்டை.

"மிஸ்திரி ஏமாத்திட்டான்" என்றார் அப்பா.

மறுநாள் மாலை மிஸ்திரி வந்தார். கட்டுப்போட்ட காலைக் காட்டி, "இப்படிப் பண்ணலாமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா கம்பிவலைக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கின படாக் பூரா சாப் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏத்திட்டாரேம்மா, அவரு தம்பி வீட்டுக்கு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் மிஸ்திரி, அப்பாவைக் கைகாட்டி.