கழுவாத சட்டி

என் சமையலறைத் தொட்டியில் ஓர் அலுமினியச் சட்டி கிடந்தது. வெளிப்புறம் விறகுப் புகையில் கறுத்தது. ஒரு பக்கம் நசுங்கியது. கைப்பிடி உடைந்த இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. உள்ளே மேகி அடிப்பிடித்துக் காய்ந்திருந்தது. விளிம்பைச் சுற்றி எறும்புகள். ஈப்போ நகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் மற்ற பாத்திரங்கள் எல்லாம் கழுவி, துடைத்து, அடுக்கித்தான் இருக்கும். அன்று காலை வந்திருந்த அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு சட்டியை எடுக்கப் போனார். "அத விடும்மா," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அவருக்கும் விஷயம் தெரியும். அக்கா மலையில் இருக்கும்போது அந்தச் சட்டியைக் கழுவுவதில்லை. அவர் இறங்கிவிட்டதாகச் செய்தி வர வேண்டும். முந்தின நாளே வந்திருக்க வேண்டிய செய்தி வரவில்லை.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்த மாணவி. பீடோரில் மளிகைக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நிலவியல் படித்தார். ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக எழும்பி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளை நாங்கள் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவர்கள். அக்காவுக்கு அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குட்டை உருவம், பெரிய குரல். பாசத்தையும் திட்டாகத்தான் சொல்லத் தெரியும். மாணவர்களின் மலையேறும் சங்கத்தில் நான் சேர்ந்தது மலைக்காக அல்ல, அவருக்காக. நான் பயந்தவள். அதைச் சொன்னபோது, "பயந்தவதான் பாத்து கால வெப்பா. வா லா," என்று பெயரை எழுதிக்கொண்டார்.

என் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நான் பிறந்தது கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அது கைமாறி, ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, நாங்கள் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். அம்மா பால்மரம் சீவியவர். விடியுமுன் பனிமூட்டத்தில் மரத்துக்கு மரம் நடந்தவர். அந்த வேலையோடு அவருக்கு ஒரு விதியும் வந்தது. அதை எனக்கும் கொடுத்தார். "காட்டுக்குள்ள யாரயும் பேரு சொல்லிக் கூப்பிடாத. ஒன்னயக் கூப்பிட்டாலும் ஒடனே வாயத் தொறக்காத. மூணாவது வாட்டியும் கேட்டாத்தான் மனுசன். அதுக்கு ரெண்டு வாட்டிதான் கூப்பிடத் தெரியும்." 'அது' என்னவென்று அம்மா சொன்னதில்லை. ஆனால் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒரு பெண் இருந்தாள். தன் தங்கையின் குரல் கேட்டு "வாரேன்" என்று சொல்லி, வாளியை மரத்தடியில் வைத்துவிட்டுப் போனவள். மறுநாள் சதுப்பு ஓரத்தில் உயிரோடுதான் கிடைத்தாள். அதன்பின் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அவளைத் தாண்டித்தான் நான் பள்ளிக்குப் போனேன். பிற்பாடு எத்தனையோ படித்தேன். அந்த முகத்தை அழிக்கும் படிப்பு எதுவும் கிடைக்கவில்லை.

ஈப்போவுக்குத் தெற்கே ஒரு குன்றின் குகையைப் பார்க்க அக்கா எங்களை அழைத்துப்போனது ஒரு மழைக்காலத்தில். குன்றைச் சுற்றிக் கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம். காடாகி வெகுகாலம் ஆகியிருந்தது. ஓடைக்கரையில் கூடாரம் போட்டோம். அன்று மதியச் சமையல் என் பொறுப்பு. அக்காவின் சட்டியில் மேகி வைத்தேன், அடிப்பிடித்தது. "அப்புறம் கழுவுறேன்க்கா," என்று சட்டியை ஒரு கல்மேல் வைத்துவிட்டு, ஒதுக்குப்புறம் தேடிப் புதருக்குள் போனேன். அங்கே ஒரு பால்மரத்தில் மங்கு இன்னும் மாட்டியிருந்தது. பால் பிடிக்கும் அந்தப் பீங்கான் கிண்ணத்தில் மழைத்தண்ணீரும் கொசுப்புழுவும். அடுத்த மரத்திலும் ஒரு மங்கு. அதற்கடுத்ததிலும். எங்கள் தோட்டம் மாதிரியே இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி இடைவெளி. மழை பிடித்துக்கொண்டது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு தெரியும். பால்மரங்களை நிரை பிடித்து நடுவார்கள். ஒரு நிரையை விடாமல் பிடித்து நடந்தால் கடைசியில் சாலை வரும். நான் அதைத்தான் செய்தேன். பட்டணத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் நின்ற இடத்திலேயே நின்று அழுதிருப்பேன், அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். எனக்குத் தோட்டம் தெரியும் என்ற நம்பிக்கையில், கூடாரத்துக்கு எதிர்த்திசையில், நிரை தவறாமல் நடந்தேன். கடைசியில் சாலை இல்லை. மண் சரிந்து பள்ளமாகியிருந்தது. கடைசி மரம் வேர் தெரியப் பள்ளத்தின் மேல் தொங்கியது. அதைப் பார்த்து நின்றபோதே என் காலடி மண்ணும் போயிற்று.

உருண்டு விழுந்த இடம் குன்றின் அடிவாரம். முழங்கால் பிசகிவிட்டது, எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்துபோய் ஒரு பாறைக் குடைவுக்குள் உட்கார்ந்தேன். போனில் தண்ணீர் புகுந்து அணைந்திருந்தது. கணுக்காலில் அட்டைகள். மழை ஓய்ந்து, இலைகளிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. அப்போது என் பெயர் கேட்டது.

அக்காவின் குரல்தான். உடனே இன்னொரு முறை, சற்றுத் தேய்ந்து. பிறகு ஒன்றுமில்லை. காத்திருந்தேன். மறுபடியும் என் பெயர், மறுபடியும் தேய்ந்து ஒரு தடவை, நிறுத்தம். ஒவ்வொரு முறையும் இரண்டுதான். மூன்றாவது வரவேயில்லை. எதிரே இருந்த சுண்ணாம்புச் சுவர் அவர் குரலைத் திருப்பிக் கொடுத்தது என்று இப்போது எழுத முடிகிறது. எதிரொலியைப் பற்றி அன்றும் பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் பயம் வந்தவளுக்குப் பாடம் நினைவுக்கு வராது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள்தான் நினைவுக்கு வந்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். என்னைக் கேட்காமல் தொண்டை தானாகவே பதில் சொல்லிவிடுமோ என்று நடுங்கினேன். குரல் நெருங்கியது. செடிகள் ஒடிவது கேட்டது. இன்னும் உள்ளே ஒடுங்கி, முதுகைப் பாறையோடு ஒட்டினேன். குரல் மேலே எங்கேயோ நின்றது, பிறகு விலகியது, பிறகு இல்லை.

போய்விட்டது என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் இன்னொன்று தோன்றியது. போனது அக்காவாக இருந்தால்? வேறு பக்கம் தேடப் போய்விட்டால்? நடக்க முடியாத நான், யாருக்கும் தெரியாத பள்ளத்தில், என் வாயை நானே பொத்திக்கொண்டு. அதுவரை இருந்த பயம் வெளியே இருந்த ஒன்றைப் பற்றியது. இது அப்படியில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சில்வண்டுகள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடங்கின.

அப்போதுதான் அது கேட்டது. பெயர் இல்லை. "அடியே! சட்டிய யாருடி கழுவுவா? ஒங்கப்பனா வருவாரு? எறும்பு மொய்க்குதுடி! கழுவிட்டு எங்கயாவது போய்ச் சாவு லா!"

குன்று அதையும் திருப்பிக் கொடுத்தது. காட்டில் இருக்கும் அதற்கு என் பெயர் தெரிந்திருக்கலாம். அக்காவின் குரலும் தெரிந்திருக்கலாம். நான் சட்டியைக் கழுவாமல் வந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. "வாரேன்க்கா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் வர முடியாது என்பது நினைவுக்கு வந்து, அழுதேன்.

பள்ளத்தில் சறுக்கி இறங்கி வந்தவரின் முகம் முழுக்க மண். என்னைப் பார்த்ததும் தலையில் ஒன்று போட்டார். பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்ட வத்திப்போச்சு. செவிடா நீ?" காரணத்தைச் சொன்னேன். "நான் பேயா? பேய்க்கு இவ்ளோ கெட்ட வார்த்த தெரியுமா?" அவருடைய வீட்டில் வேறு விதி. பெயரைச் சொன்னால் 'இதோ' என்று எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா பிரம்பை எடுப்பார். தேடிக் கிடைக்காமல் கூடாரத்துக்குத் திரும்பியவர், கல்மேல் இருந்த சட்டியைப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே மறுபடி தேட வந்திருக்கிறார். "பயம் வந்தா எனக்குக் கோவமாத்தான் வரும்," என்றார். என்னை மீட்டது அவருடைய அறிவு அல்ல, கோபம். அதை அவர் மறைக்கவும் இல்லை. கூட வந்தவர்கள் இரு பக்கமும் தாங்கி என்னைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்ததும், உட்கார வைத்து, சட்டியை மடியில் வைத்துக் கழுவச் சொன்னார். கழுவினேன்.

பிறகு நான் பத்திரிகைக்கு வந்தேன். காட்டில் காணாமற்போனவர்களைப் பற்றிய செய்திகள் பல என் கைவழியே போயிருக்கின்றன. தேடும் குழுக்கள் எல்லாமே பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகின்றன. வீட்டில் அவரை எப்படித் திட்டுவீர்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. எங்கள் தொழிலில் முதல் பாடம், பெயரைப் பிழையில்லாமல் போடுவது. இந்தக் குறிப்பில் அக்காவின் பெயரைப் போடவில்லை. அவர் மலைக்காட்டுக்குள் நடப்பதை விடப்போவதில்லை.

அவர் மாணவியாகவே நீடித்தார். குர்பு மலை, கினபாலு, நேப்பாளம், கடைசியில் நியூசிலாந்து. முனைவர் பட்டத்துக்கு அங்கேயும் சுண்ணாம்புக் குகைகள்தான். விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிப்போனதால் சட்டியை உருவி என் கையில் கொடுத்தார். "அடிப்பிடிச்சுது, கொன்னுடுவேன்." கொஞ்ச நாளில் அது எங்களுக்குள் ஒரு வழக்கமானது. மலைக்குள் போகுமுன் "சட்டிய வை" என்று செய்தி வரும். நான் மேகி வைத்து, சாப்பிட்டு, சட்டியை அப்படியே போட்டு வைப்பேன். வெளியே வந்ததும் "கழுவு" என்று வரும். அலுவலகத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருமுறை அங்கே போய் அவரோடு நடந்தேன். மலைமேல் பளிங்குப் பாறைகள், நடுவே புதர், புதருக்கு அடியில் நிலத்தில் ஓட்டைகள். ஓர் ஓட்டையின் ஓரத்தில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, அக்கா ஒரு கல்லை உள்ளே போட்டார். விழுந்த சத்தம் வரவில்லை. மூடுபனி ஏறி, முன்னால் நடந்தவர் மறைந்ததும் நான் "அக்கா! அக்கா!" என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "பேரச் சொல்லித்தான் கூப்பிடேன். இது வெள்ளக்காரப் பேய், அதுக்கு ஒன் தமிழ் தெரியாது லா." நான் கூப்பிடவில்லை. திரும்பும் விமானத்தில் ஏறிய பிறகும் அந்தக் கல் விழுந்துகொண்டே இருந்தது.

சென்ற மாதம், அம்மா சட்டியைத் தொடப்போன அன்று, அந்தக் கல்தான் எனக்குள் இருந்தது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது, வெளிநாட்டு எண். எடுத்தேன். ஓர் ஆணின் குரல், நிதானமாக, என் பெயரைச் சொன்னது. அடையாளக் கார்டில் இருப்பதுபோல முழுப் பெயர். 'மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கத்தையும் எழுத்தெழுத்தாக வாசித்து, அப்பாவின் பெயரில் தடுக்கி. அந்த நிதானம் எனக்குத் தெரிந்தது. குடும்பத்தாரிடம் கெட்ட செய்தி சொல்லுமுன் அதிகாரிகள் வைத்துக்கொள்ளும் குரல்; எத்தனையோ முறை பக்கத்தில் நின்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் சொல்லவில்லை. சொல்லாதவரை அது செய்தி ஆகாது. அந்தக் குரல் இரண்டாவது முறை என் பெயரைச் சொன்னது. அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

போன் கைமாறி உரசும் சத்தம். பிறகு, "ஏய், எருமை. நீ இருக்கறது வீடுடி, காடு இல்ல. வாயத் தொற லா."

அக்காவின் தொண்டை கட்டிய குரல். பாறை இடுக்கில் கால் மாட்டி எலும்பு முறிந்திருந்தது. உதவி கேட்கும் கருவி ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. ஓர் இரவு அங்கேயே கிடந்திருக்கிறார். இப்போது மருத்துவமனைக் கட்டிலில். அவசரத் தொடர்புக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்த என் பெயரைத்தான் அங்கிருந்த ஊழியர் வாசித்திருக்கிறார். எல்லாவற்றையும் திட்டாகவே சொல்லி முடித்தார். பிறகு, "தேடிக்கிட்டு வந்தானுங்க," என்றார், குரலைத் தாழ்த்தி. "பனிக்குள்ளேருந்து என் பேரு கேட்டுச்சு. ரெண்டு வாட்டி. பதில் சொல்லியிருக்கணும்ல? முடியலடி. ஒன் கத ஞாபகம் வந்து வாயப் பொத்திக்கிட்டேன். மூணாவது வாட்டி கூப்பிட்ட அப்புறந்தான் கத்துனேன். யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத."

இந்தக் குறிப்பை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அன்று போனை வைக்குமுன், "சட்டி?" என்று கேட்டார். குழாயைத் திறந்தேன். எறும்புகள் சிதறின. தண்ணீர் விழும் சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.