சாலிஹ் கீறிய அளவுகோல்

கல்முனை அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வரைபடம் கீறும் வேலை பார்த்தவர் சாலிஹ். ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி, மழை விடாமல் அடித்த வாரத்தில் கந்தோர்த் தலைவரான காரியாதிகாரி அவரைக் கூப்பிட்டார். களப்பு என்னும் கடலோரக் காயல் நிரம்பிக்கொண்டிருந்தது. களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடச் சொல்லிக் காரைதீவு வயல்காரர் நின்றார்கள். வெட்டினால் வளராத இறாலெல்லாம் கடலோடு போய்விடும் என்று வலைகாரர் மறித்தார்கள். முந்தைய நாள்தான் மணல்மேட்டில் மண்வெட்டியும் துடுப்பும் ஓங்கப்பட்டிருந்தன.

"தண்ணி எந்த மட்டத்துக்கு வந்தா வெட்டுறது எண்டு ரெண்டு பக்கத்துக்கும் விளங்குற மாதிரி ஒரு படம் வேணும். நாளைக்குக் கூட்டம்" என்றார் காரியாதிகாரி.

சாலிஹ் கட்டத்தாளில் அடிக்கு ஓர் அங்குலமாக நீர்மட்டத்தைக் கீறிப் பார்த்தார். கோடு சாதுவாக ஏறியது. பார்த்தால் பயமே வராது. ஆனால் அந்த வயல்களை அவருக்குத் தெரியும். நாலாம் அடிவரை ஒரு வயலும் மூழ்காது. அதற்குமேல் விரலுக்கு விரல் வயல் போகும். சம இடைவெளியில் அது தெரியவில்லை. தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஓர் அளவுகோல் போட்டார். கீழ் அடிகளை நெருக்கினார். மேல் அடிகளை, மூழ்கும் ஏக்கருக்கு ஏற்ப அகட்டினார்.

மறுநாள் அதைச் சுவரில் ஒட்டியதும் வலைகாரரின் தலைவர் நூஹு எழும்பிவிட்டார்.

"கீழ ஒரு அடி விரலளவு, மேல ஒரு அடி ஒரு சாண். அடி எண்டா அடிதானே மனே? வயல்காரனுக்குத் தோதாக் கீறியிருக்காய்."

"இது தண்ணிட உயரமில்ல, நூஹு காக்கா. அந்த உயரத்தில எவ்வளவு வயல் போகும் எண்டது."

"அப்ப எங்கட இறால் இதில எங்க?"

இறாலைச் சாலிஹ் நினைக்கவே இல்லை. கூட்டத்தில் சத்தம் எழும்பியது. யாரோ உட்கார்ந்திருந்த வாங்கைத் தள்ளி விழுத்தினார்கள்.

"நீங்களே சொல்லுங்க காக்கா" என்று சாலிஹ் பென்சிலை எடுத்தார்.

நூஹு முறைத்துக்கொண்டே சொன்னார். தண்ணீர் தாழ இருக்கும்போது வெட்டினால் எல்லாம் போகும். ஏற ஏற இறால் வயலுக்குள் சிதறிவிடும், வலைக்கு எப்படியும் அகப்படாது; அதற்குப்பின் வெட்டினால் நட்டம் கொஞ்சம்தான். சாலிஹ் வலது ஓரத்தில் இன்னோர் அளவுகோல் கீறினார். இது கீழே அகன்று மேலே நெருங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, அஞ்சடிக்குக் கீழே வலைகாரரின் இழப்புப் பெரிது, மேலே வயல்காரரின் இழப்புப் பெரிது. காரியாதிகாரி அஞ்சடியில் சிவப்புக் கோடு இழுத்தார். நூஹு தலையாட்டினார்.

மழை நிற்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம், களப்பில் நட்டிருந்த அளவுக்கம்பத்தில் அஞ்சடிக்குப் போட்ட சிவப்பு அடையாளத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. மணல்மேட்டின் ஒரு பக்கம் வயல்காரர், மறுபக்கம் வலைகாரர். ஆகப் பள்ளத்தில் வயல் செய்த சின்னப்போடி ஓடிவந்து சாலிஹின் சட்டையைப் பிடித்தார்.

"என்ட வயல் முங்கிட்டு தம்பி! உன்ட கோட்டுக்கு இன்னும் தண்ணி வரல்லையாம். இது தெரியாமலா கீறினாய்?"

"தெரியும் அண்ணன்." சாலிஹ் சட்டையை விடுவிக்கப் பார்க்கவில்லை. "உங்கட வயல் போகும் எண்டு தெரிஞ்சுதான் கீறினேன்."

சின்னப்போடி கையை ஓங்கினார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "வெட்டுங்கடா!" என்று வயல்காரர் பக்கத்தில் ஒருவன் கத்த, எதிரில் துடுப்புகள் உயர்ந்தன. சாலிஹ் கம்பத்தடியில் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி நின்று, "பொறுங்க, பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் அசர் தொழுகை நெருங்க, தண்ணீர் அடையாளத்தைத் தொட்டது. சாலிஹ் கையை உயர்த்தினார். எதிரில் துடுப்புகள் இன்னும் இறங்காததால் வயல்காரர் ஒருவரும் அசையவில்லை. நூஹு ஒரு வயல்காரனிடமிருந்து மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டைப் போட்டார். பிறகுதான் எல்லாரும் இறங்கினார்கள். பொழுது சாயுமுன் வெள்ளம் கடலுக்குள் பாய்ந்தது.

பெரும்பாலான வயல்கள் தப்பின. வலைகாரருக்குப் பாதி இறால் மிஞ்சியது. சின்னப்போடியின் பயிர் அழுகிப்போனது. தப்பிய வயல்காரர் பள்ளத்து வயல்களுக்கு விதைநெல் கொடுக்க வேண்டும் என்று சாலிஹ் காரியாதிகாரியிடம் கேட்டார்.

"அது உம்மட வேலையில்லையே."

"கோடு கீறினது நான்தானே சேர்."

விதைநெல் போய்ச் சேர்ந்தது. நெல் மறுபடி முளைத்த பிறகு, சாலிஹ் சின்னப்போடியின் வயல் வரம்பில் போய் நின்று "அண்ணன்" என்று கூப்பிட்டார். சின்னப்போடி நிமிரவில்லை. களை பிடுங்கிக்கொண்டே இருந்தார்.