முழங்கால் போட்ட காட்டேரி

அருமனைப் பக்கம் பனையேறிய யோவானுக்கு ஆறடி இரண்டு அங்குல உயரம். அதற்குத் தகுந்த துணிச்சல்தான் இல்லை. பூங்கனியிடம் ஆசையைச் சொல்லவே நாலு வருடம் ஆனது. அவளும் சரியென்று சொல்லி, அந்தப் பாவி மனதில் இன்பவெள்ளம் புரண்ட 1932-இல்தான் சிதறால் மலைக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

ஊமைப்படம். சுடுகாட்டில் குந்தியிருந்து ஆளைப் பயமுறுத்தும் இரத்தக்காட்டேரியை அவர்கள் வாள்சண்டை போடும் ராஜகுமாரனாக்கியிருந்தார்கள். அவன் பாறையில் பல்லிபோல ஏற வேண்டும். பட்டணத்து நடிகர் பாதிப் பாறையில் அழுதுவிட்டார். யோவான் ஏறினான், வேடம் அவனுக்கே வந்தது. தேங்காய்ச் சில்லில் செதுக்கிய கோரைப்பற்களை மத்தியானத்துக்குள் தின்றுவிடுவான் என்பதைத் தவிர அவன்மேல் குறை கிடையாது.

கடைசி நாளில்தான் வினை. கதாநாயகன் சிலுவையை நீட்ட, காட்டேரி மிரண்டு ஓட வேண்டும். வாய் அசைய வேண்டுமே என்று அந்த மனிதர் தனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தை, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினார். யோவானின் முழங்கால் தானாக மடங்கியது. கண்ணை மூடி, ஆமென் வரை சொல்லிவிட்டுத்தான் எழுந்தான். அதற்குள் பிலிம் தீர்ந்துவிட்டது.

"அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவேன்" என்றார் டைரக்டர்.

மறுவருடம் கல்யாணம் நிச்சயமானது. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, தடையுண்டா என்று கேட்பார்கள், இல்லையென்றால் தாலி. இரண்டாம் ஞாயிறு, சபைப் பெரியவர்களில் ஒருவரான ஜெயசிங் மூப்பர் எழுந்தார்.

"தடையுண்டு. இவன் சினிமாவுல பிசாசா ஆடி ரெத்தம் குடிச்சிருக்கான். பிசாசுக்குப் பெண்ணு குடுக்கப்பிடாது."

"அது கருப்பெட்டிப் பாகாக்கும், மூப்பரே," என்றான் யோவான், குரலே எழும்பாமல்.

படம் மார்த்தாண்டத்தில் ஓடுகிறது, போய்ப் பார்த்து முடிவெடுப்போம் என்றார் போதகர்.

எட்டு மூப்பர்களும் போதகரும் வேதப்புத்தகத்தோடு கொட்டகையின் முன்வரிசை மணலில் உட்கார்ந்தார்கள். பின்னால் யோவான். ஓலைத்தட்டிக்கு அந்தப்புறம், பெண்கள் பக்கம், பூங்கனி.

"ஏட்டி, நான் ஜெபிச்ச துண்ட வெட்டியிருப்பானா?"

"வெட்டியிருந்தா வேற மாப்பிள பாக்கேன். சும்மா இரியும்."

வாள்கள் மின்னின. பாகு வழிந்தது. மூப்பர்கள் கண்ணைப் பொத்தி விரலிடுக்கில் பார்த்தார்கள். சிலுவை உயர்ந்தது. பனையுச்சியில் பிடி நழுவியவன்போல யோவான் மணலைப் பற்றிக்கொண்டான்.

திரையில் காட்டேரி முழங்கால் போட்டது. வெட்டினால் ஒட்டுவதற்கு டைரக்டரிடம் வேறு துண்டு ஏது? கோரைப்பல் ஆட ஆட ஜெபம் முழுவதும் வந்தது. உதட்டசைவைப் பார்த்து மூப்பர்களும் கூடவே முணுமுணுத்தார்கள். "ஆமென்" என்றது முன்வரிசை.

ஜெயசிங் மூப்பர் கண்ணைத் துடைத்தார். "நம்ம சபையில ஒருத்தனும் இப்பிடி உருகி ஜெபிச்சதில்ல, போதகரே."

மூன்றாம் ஞாயிறு. ஓலை வாசித்து, தடையுண்டா என்றதும் அதே மூப்பர் எழுந்தார்.

"தடையில்ல. ஆனா புதங்கிழம கல்யாணம் வேண்டாம், வியாழனுக்கு மாத்தணும். படத்துக்குப் புதன் கடைசி நாளாக்கும். சபை முழுக்கப் போணும்."

வியாழனன்று தாலி ஏறியது. அன்று முதல் அவன் காட்டேரி யோவான். ஜெபக்கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் ஜெபம் செய்யும் உரிமை அவனுக்குத்தான்.