நியூசிலாந்து சிஸ்டர் என்று என்னைக் கூப்பிட்டார்கள்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, இது முடிவில் சந்தோஷமான சாட்சிதான். ஆனால் நடுவில் உள்ளதைச் சொல்ல எனக்கு இன்னமும் கூச்சமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொன்னால் அது சாட்சியாகாது, பெருமையாகிவிடும். அந்த வேலையை ஒரு தடவை செய்து பட்டது போதும்.

என் பெயர் ஸ்டெல்லா. எங்கள் ஊர் திண்டிவனம். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். கணவர் தாஸ், பள்ளிக்கூட வேன் ஓட்டினார். எங்களுக்கு ஒரே மகள், ஜாய்ஸ். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. விழுப்புரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். தினமும் காலையில் அவளும் நானும் ஒன்றாக பஸ் ஏறுவோம். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் டியூட்டிக்குப் போவேன். பஸ்ஸில் அவள் கையை ஆட்டி ஆட்டி என்னிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அவள் கைகளைப் பிடித்து என் மடியில் அமுக்கி வைத்துக்கொள்வேன். பெற்ற தாய் செய்கிற காரியமா இது? செய்தேன்.

வெளிநாட்டுக்குப் போய்விட வேண்டும் என்கிற ஆசை எனக்குத்தான் முதலில் வந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். அங்கே போனால் ஜாய்ஸுக்கு நல்ல பள்ளி கிடைக்கும், நமக்கும் ஒரு நிம்மதி என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி அவரையும் சம்மதிக்க வைத்தேன். எந்த நாட்டுக்குப் போவது என்பதில்தான் குழப்பம். ஒருத்தி கனடா என்பாள், இன்னொருத்தி ஆஸ்திரேலியா என்பாள், யூடியூபைத் திறந்தால் ஆளுக்கு ஒரு நாட்டைப் புகழ்வார்கள். சரி, ஆண்டவரிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தோம். மூன்று சீட்டில் நியூசிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று எழுதி, ஜெபம் பண்ணிவிட்டு ஜாய்ஸை எடுக்கச் சொன்னோம். குழந்தை கை சுத்தமான கை என்று எங்கள் வீட்டில் எப்போதும் அவளைத்தான் எடுக்கச் சொல்வோம். அவள் நியூசிலாந்தை எடுத்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டேன். கர்த்தர் எங்களுக்கு நியூசிலாந்தைக் கொடுத்துவிட்டார், போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே விசுவாசித்து நன்றி சொல்கிறேன் என்றேன். எங்கள் சபையில் அது வழக்கம். கையில் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுவோம். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் அப்படிச் சொன்னது விசுவாசத்தில் மட்டும் இல்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதுதான் உண்மை.

விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது. எங்கள் பாஸ்டர் ஐயா வழியனுப்பு ஜெபக்கூட்டமே வைத்துவிட்டார். பெண்கள் ஐக்கியத்தார் சேர்ந்து சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதில் பாதிப்பேர் வயல் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே குளிரும் என்று யாரோ சொல்லி ஜாய்ஸுக்கு ஒரு ஸ்வெட்டர் வேறு. அவள் அதைத் திண்டிவனத்து வெயிலில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். தன்னுடைய கவுன்களையெல்லாம் மடித்து அந்த சூட்கேஸில் தானே அடுக்கி வைத்தாள். விசா விண்ணப்பமே அப்போது போடவில்லை.

அதற்குப் பிறகுதான் பாண்டிச்சேரியில் ஆள் அனுப்புகிற ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் எங்கள் கதையெல்லாம் கேட்டுவிட்டு ஜாய்ஸைப் பார்த்தார். விசாவுக்கு எடுக்கிற மெடிக்கல் பரிசோதனையில் பாப்பாவால் சிக்கல் வரலாம், அவளால் மொத்தக் குடும்பத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடும் என்றார். மற்ற இரண்டு நாட்டுக்கும் அதே கதைதான் என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அடுத்து அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"பாப்பாவ எதுக்குங்க இப்பவே காட்டிக்கினு? பேரே குடுக்கவேணாம். ஹாஸ்டல்ல விட்டுட்டு நீங்களும் சாரும் போய் செட்டில் ஆயிடுங்க. அப்புறமா பாத்துக்கலாம்."

கணவர் சட்டென்று எழுந்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. ஹாஸ்டலில் விடுவதாக இருந்தால் எந்த ஹாஸ்டல், என் மாமியார் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பார்களா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று அவரிடம் சொன்னதும் நான்தான்.

அதன் பிறகு நான் செய்த ஜெபத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். மெடிக்கலுக்குள் இவளுக்குக் காது கேட்கும்படி செய்யும் ஆண்டவரே, என்னை ஜனங்களுக்கு முன்னால் வெட்கப்படுத்தாதேயும் என்று அழுதேன். இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவ்வளவு உருகி ஜெபித்ததே இல்லை. அதுவும் அவளுக்காகவா? விசாவுக்காக.

ஊரில் தலைகாட்ட முடியவில்லை. மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில், எங்கே பார்த்தாலும் "இன்னாக்கா, இன்னும் கெளம்பலியா?" என்றுதான் கேட்டார்கள். பேப்பர் வேலை ஓடுகிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது. திண்டிவனத்தில் காய்கறி வாங்குவதையே விட்டுவிட்டு விழுப்புரத்தில் வாங்கிச் சுமந்துகொண்டு வந்தேன். சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் நழுவிவிடுவேன். பெரிய பேஜாராகிவிட்டது.

ஒருநாள் டியூட்டி முடிந்து வந்து போர்வை எடுப்பதற்காக சூட்கேஸைத் திறந்தேன். ஜாய்ஸின் துணி ஒன்றுகூட அதில் இல்லை. அலமாரியைத் திறந்து பார்த்தால் எல்லா கவுனும் பழைய இடத்தில் அடுக்கியிருக்கிறது. ஸ்வெட்டரும் அங்கே இருந்தது. ஏன் எடுத்தாய் என்று கையால் கேட்டேன். அவள் என்னையும் அப்பாவையும் காட்டி, விமானம் பறப்பது போல் கையைக் காட்டினாள். பிறகு தன்னைக் காட்டி, தலைக்கு மேல் கூரை போலக் கையைக் குவித்துக் காட்டினாள். அது ஹாஸ்டல்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குக் காதுதான் கேட்காது, உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பாண்டிச்சேரியில் அந்த மனிதர் பேசும்போது அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதையும் பார்த்திருக்கிறாள், நான் யோசித்துச் சொல்கிறோம் என்றதையும் பார்த்திருக்கிறாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. தன் துணியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

அந்த அலமாரி முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை கூட வரவில்லை, உடம்பெல்லாம் கூசியது. கணவர் வந்ததும் சொன்னேன். அவர் அலமாரியைப் பார்த்துவிட்டு, "ஸ்டெல்லா, எந்த ஊருன்னு கேட்டுக்கினே இருந்தோமே, யார் யார் போறோம்னு ஆண்டவருகிட்ட சொல்லவே இல்லியே" என்றார். மூன்று பேரும் முழங்கால்படியிட்டோம். ஆண்டவரே, நாட்டை நான் கேட்கவில்லை, எங்கள் மூன்று பேரையும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும், இந்த ஊரிலேயே என்றாலும் சரி என்று ஜெபித்தேன். ஜாய்ஸ் கண்ணை மூடாமல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. உங்களில் பலருக்குத் தெரியும், அன்றைக்கு அவரவர் வயலிலும் வீட்டிலும் விளைந்ததைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். மல்லாட்டைக் கடலை மூட்டை, கேப்பை, வாழைத்தார், சேவல் என்று ஒரே கலகலப்பாக இருக்கும். நான் வழக்கம்போல நழுவப் பார்த்தேன். ஏலம் விட்ட அண்ணன் பார்த்துவிட்டார். ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து, "நம்ம நியூசிலாந்து சிஸ்டர் இருக்காங்க, யாரும் போட்டி போடாதீங்க, அவங்கதான் ஒசத்திக் கேப்பாங்க" என்றார். கேலிதான், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்னே அப்படிப் பார்த்தபோது குளுகுளுவென்று இருந்ததல்லவா, அன்றைக்கு நெருப்பில் நிற்பது போல இருந்தது. எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை, எழுந்து நின்று பேசிவிட்டேன். "நாங்க நியூசிலாந்து போகலைங்க. விசா வரல, விண்ணப்பமே போடல. பொண்ண விட்டுட்டு வந்தா அனுப்புறோம்னாங்க. நானும் யோசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த சூட்கேஸ திருப்பி எடுத்துக்குங்க" என்றேன்.

அந்தப் பூசணிக்காயை அண்ணன் கீழே வைத்த சத்தம் கேட்டது. யாராவது திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பாஸ்டரம்மா எழுந்து வந்து, ஜாய்ஸைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வளர்ந்த பிள்ளை, கால் தொங்குகிறது, அவரும் விடவில்லை, அவளும் இறங்கவில்லை. சூட்கேஸ் கொடுத்த அக்காமார்களில் ஒருவர், "குடுத்தத திருப்பி வாங்கற வழக்கம் எங்ககிட்ட இல்லம்மா, அரிசி கொட்டி வையி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கர்த்தர் உதவியை அங்கேதான் வைத்திருந்தார். பண்டிகைக்காக உறவினர் வீட்டுக்கு வந்திருந்த வானூர் மேரி அக்கா என்பவர் கூட்டம் கலைந்ததும் என்னைத் தேடி வந்தார். அவர் அயர்லாந்தில் நர்ஸ், லீவில் ஊருக்கு வந்திருந்தார். அயர்லாந்து என் மூன்று சீட்டிலும் இல்லாத நாடு. நான் வாயைத் திறக்காமல் நழுவியிருந்தால் அவருக்கு என்னைத் தெரிந்திருக்கவே போவதில்லை. அவர் சொன்னார்: "எதையும் மறைக்காத, ஸ்டெல்லா. மொத வார்த்தையே பொண்ணப் பத்திப் பேசு. அவ வேணாம்னு சொன்னாங்கன்னா அந்த ஊரு ஒனக்கும் வேணாம்."

அயர்லாந்துக்கு விண்ணப்பிக்கிற வழியையும் அவரே காட்டினார். உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. இங்கிலீஷ் பரீட்சையில் ஒருமுறை தோற்றேன். அதையும் ஒளிக்காமல் சபையில் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். இரண்டாம் முறை பாஸானேன். பிறகு அங்கே உள்ள ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் இன்டர்வியூ. வயதான ஒரு அம்மா பேசினார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே, எனக்குக் காது கேளாத மகள் இருக்கிறாள், அவள் வர முடியாத இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். எத்தனையோ பேர் அவளுக்கு என்ன குறை என்று கேட்டிருக்கிறார்கள், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. படம் வரையப் பிடிக்கும் என்றேன். இங்கே அவளுக்குப் பள்ளி இருக்கிறது என்றார். வேலை கிடைத்தது.

ஆனால் முதலில் நான் மட்டும் வந்து ஒரு பரீட்சை முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் குடும்பம் வரலாம் என்றார்கள். எனக்குப் பயமே அதுதான். அப்பாவும் நீயும் பின்னால் வருவீர்கள், உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன் என்று ஜாய்ஸுக்கு எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டினாள், நம்பவில்லை. நான் கிளம்பும் நாளன்று கட்டிப் பிடிக்கக்கூட வரவில்லை. அந்தப் பிள்ளையின் நம்பிக்கையை நான் ஒரே ஒரு சாயங்காலத்தில் பாண்டிச்சேரியில் கெடுத்தேன், அதைச் சரிசெய்ய என்னால் ஆகவில்லை. ஆண்டவரே, அதையும் நீரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

பரீட்சை முடிந்தது, விசாவும் வந்தது. போன மாதம் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். இப்போதுதான் இதைச் சாட்சியாகச் சொல்ல எனக்கு வாய் வருகிறது. இவருக்கு இங்கே இன்னும் வேலை அமையவில்லை, குளிரும் மழையும் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. ஆனாலும் மூன்று பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் யாருக்கும் தெரியாமல் ஓரமாக வைத்துவிட்டு ஆசீர்வாதம் கேட்கிறவர்கள் உங்களில் இருந்தால், தயவுசெய்து அவர்கள் பெயரையும் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவர் கேட்கிற தேவன். நமக்கு வெட்கமாக இருக்கிற ஆட்களைப் பற்றி அவருக்கு வெட்கம் இல்லை.

விமான நிலையத்தில் ஜாய்ஸ் வெளியே வந்தபோது ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. தூரத்திலேயே நின்றாள். சுற்றிலும் அவ்வளவு கூட்டம். கையை உயர்த்தி, முதலில் என்னைக் காட்டினாள், பிறகு அப்பாவைக் காட்டினாள், கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு, "நானுமா?" என்று கேட்டாள். என்னை நினைத்தே எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, அந்த ஜனங்கள் எல்லாரும் பார்க்க, இரண்டு கையாலும் அவளுக்குப் பதில் சொன்னேன்.