ரசமட்டத்துக்கு வந்த காய்ச்சல்

டைல்ஸ் ஒட்டும் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தரை சமமா என்று பார்க்கும் கருவியின் பெயரையே கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருந்தார்கள்: ரசமட்டம். தரை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். பட்டால் வாய் சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டிலும் குளியலறையைக் குறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அப்படி மண்டியிட்டே உழைத்த முழங்காலில் ஒரு நாள் டைல்ஸ் சில்லு குத்தியது. சின்னக் காயம்தானே என்று விட்டார். சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்தார். எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டரம்மா.

"மருந்தோட இன்னொரு ஊசியும் போட்டுப் பாக்கலாம். அது கிருமியக் கொல்லாது. கிருமியோட சண்டை போடற அணுக்கள் உங்க உடம்புலயே இருக்கு, அதத் தட்டி எழுப்பும். மருந்தும் உடம்பும் சேந்து அடிச்சா அடங்கலாம். ஊசி வேலை செஞ்சா காய்ச்சல் வரும், பயப்படாதீங்க."

மனைவி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். நம்ம ஆள் காதில் கடைசி வாக்கியம் ஏறவில்லை. டாக்டரம்மாவின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு டைல் கோணலாக இருந்தது.

மூன்றாம் நாள் உடம்பு கொதித்தது. பக்கத்துக் கட்டில்காரருக்குக் காய்ச்சல் வந்த மறுநாள்தான் காலை எடுத்திருந்தார்கள். தனக்கும் அதே கதிதான் என்று இவர் முடிவு கட்டிக்கொண்டார். நர்ஸ் தெர்மாமீட்டரோடு வருமுன் பிளாஸ்க்கில் ரகசியமாக வாங்கி வைத்திருந்த ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக் கரைத்தார். தினமும் இதே கூத்து. மனைவி வந்தால் தொடவிடாமல் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்.

நாலு நாள் கழித்து டாக்டரம்மா காய்ச்சல் குறித்த சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஊசி கேக்கல போல. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்."

அவர் போனதும் மனைவி ஆறுதலாகக் கையைப் பிடித்தாள். கை நெருப்பாகச் சுட்டது. மிரட்டிக் கேட்டதில் ஐஸ் கதை வெளியே வந்தது.

"காய்ச்சல் வரணும்னுதானே சொன்னாங்க. நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"செவுத்த."

அவள் டாக்டரம்மாவைத் தேடி வராந்தாவில் ஓடினாள். வாழ்க்கையில் ஒரு காய்ச்சலுக்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. டாக்டரம்மா வந்து தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தார். நூற்றிரண்டு. டாக்டரம்மாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆபரேஷன் இப்ப வேணாம். மருந்தையும் ஊசியையும் தொடருவோம்" என்றார்.

மூன்று வாரத்தில் சீழ் வற்றியது. பரிசோதனையில் கிருமி இல்லை. நர்ஸ் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் பிடிக்க, அவர் காலைத் தரையில் ஊன்றினார். முழங்கால் வெடவெடத்தது. ஆனாலும் நின்றார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

"ஏன் அழற? நிக்கிறேன்ல."

"நில்லுங்க" என்றாள். "கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க, கண்ணாரப் பாத்துக்கறேன்."