கதவில்லாத குளியலறை

மெர்வியிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர் குறைவு. கிழக்கு ஃபின்லாந்தில் ஓர் ஏரிக்கரைச் சிறுநகரத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறவள். இருக்கைமேல் பூட்ஸ் காலைத் தூக்கி வைத்த ஒருவனுக்காகக் கொட்டும் பனியில் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தி, "காலை எறக்கு. இல்லேன்னா எல்லாருமா சேர்ந்து கோடைகாலம் வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்போம்" என்று சொன்ன கதை ஊரில் பிரசித்தம்.

போன வருடம் அவள் குடலில் புற்று வந்தது. மருத்துவர்கள் வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு, வயிற்றில் ஒரு வாசல் வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். கழிவு இனி ஆயுசுக்கும் அதில்தான் சேரும். மெர்வி அழுதாள், ஆண்டவனைத் திட்டினாள், பிறகு திரும்பவும் பஸ்ஸை எடுத்தாள். ஒன்றை மட்டும் இன்னும் தொடவில்லை. தண்ணீரில் இறங்கவில்லை.

பிப்ரவரி விடுமுறையில் குடும்பத்தோடு ஒருநாள் நீர்ப்பூங்காவுக்குப் போவது அவர்கள் வழக்கம். எப்போதும் ஊர்ப் பூங்காதான். பழைய கட்டடம், இரண்டே சறுக்குக் குழாய், அருமையான சௌனா நீராவி அறை. இந்த வருடம் மட்டும் வீட்டில் திடீரென்று தெற்கே இருக்கும் புதுப் பூங்காவைப் பற்றியே பேச்சு. அரைநாள் கார் ஓட்டினால்தான் போய்ச் சேரலாம். செயற்கை அலை உண்டு, பனைமரம் உண்டு, பனைமரம் பிளாஸ்டிக்.

அந்த வீட்டில் எதற்கும் ஓட்டுதான், அதுவும் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாங்கும் மிட்டாயில். கறுப்பு உப்பு மிட்டாய் போட்டால் ஊர்ப் பூங்கா, மஞ்சள் மிட்டாய் போட்டால் தெற்குப் பூங்கா. கிண்ணத்தைத் திறந்தால் மூன்று மஞ்சள், ஒரு கறுப்பு.

"ஏன்?" என்றாள் மெர்வி.

அவள் கணவன் இல்போ ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்குள் காபி ஆறிவிடும். "அலை நல்லாருக்காம்," என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"உனக்கு அலைன்னாலே வாந்தி வரும். வேற காரணம் சொல்லு."

எட்டு வயதுச் சின்ன மகள் பிஹ்லாவுக்குப் பொய் இன்னும் சரியாகப் பழகவில்லை. "அங்க குளிக்கிற எடத்துல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிக் கதவு இருக்கும்மா. யாரும் உன்னைப் பாக்க மாட்டாங்கன்னு அப்பாதான் சொன்னாரு."

இந்த ஊர்க்காரர்களின் அன்பு இப்படித்தான். கேட்க நாக்கு எழாது, முடிவை மட்டும் எடுத்துவிடுவார்கள். ஊர்ப் பூங்காவில் பெண்கள் பக்கம் ஒரே பெரிய குளியலறை, கதவு கிடையாது. துணி முழுவதையும் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே நின்றால் மெர்வியின் பை ஊருக்கே தெரியும்.

மெர்வி மஞ்சள் மிட்டாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு மென்றாள். "ஒரே ஓட்டு மிச்சம். ஊர்ப் பூங்கா ஜெயிச்சிடுச்சு."

"அம்மா!" என்று கத்தினாள் பதினாலு வயது வென்லா. "அங்க என் க்ளாஸ் பிள்ளைங்க எல்லாம் வருவாங்க!"

அறுவைச் சிகிச்சைகூட இப்படி வலிக்கவில்லை. சாவை ஏமாற்றிவிட்டு வந்தவள், பெற்ற மகளுக்கு ஒளித்து வைக்க வேண்டிய சாமானாகிவிட்டாள்.

"வரட்டும்," என்றாள் மெர்வி. "நான் திருடிட்டு வரல, யார் குடியையும் கெடுத்துட்டு வரல. பொழச்சு வந்திருக்கேன். அதுக்கு என்னத்துக்குடி கதவு?"

பூங்காவில் இல்போ தலையைக் குனிந்தபடி ஆண்கள் பக்கம் நழுவினான். மெர்வி மூச்சை இழுத்துப் பிடித்து, துண்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வெற்றுடம்போடு குளியலறைக்குள் நுழைந்தாள். பிஹ்லா கையைப் பிடித்துக்கொண்டு குதித்தபடி வந்தாள். வென்லா மட்டும் ஷாம்புகூட எடுத்துக்கொள்ளாமல் விறுவிறுவென்று கடைசிக் குழாய்க்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். பக்கத்தில் அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர்.

மெர்வி தலையில் நுரை தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஆரஞ்சு நிற நீச்சலுடையில் ஒரு பெண்மணி எதிர்க்குழாயிலிருந்து முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, பிள்ளைங்க வர்ற எடம் இது. அதோட தண்ணியில வேற எறங்கப் போறீங்களா? சுத்தம்னு ஒண்ணு வேணாமா?"

மெர்வி நிதானமாக நுரையைக் கழுவிக்கொண்டாள்.

"இந்தப் பைலேர்ந்து ஒரு சொட்டு வெளிய வராது. தண்ணியில தாராளமா எறங்குன்னு நர்ஸே சொல்லி அனுப்பிச்சா. உங்க சங்கதி என்ன? நீச்சலுடையை மாட்டிக்கிட்டேவா குளிக்கிறீங்க? உள்ள இருக்கிற அழுக்கு எங்க போகும், நாங்க குளிக்கிற தண்ணிக்குத்தானே? சுவத்துல இவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்கே, அது என்ன எனக்கு மட்டுமா?"

அறையே ஆரஞ்சு நிறத்தைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஊரில் திருட்டுக்குக்கூட மன்னிப்பு உண்டு, உடையோடு குளிப்பதற்கு இல்லை.

"அதானே!" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்து கால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பருத்த பெண். "நானும் வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கழட்டும்மா, கழட்டு. இங்க யாரும் உன்னைப் படம் பிடிக்கப் போறதில்ல."

யாரோ சிரித்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள். ஆரஞ்சு நிறம் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியேறியது. மெர்விக்குச் சிரிப்பு வரவில்லை. இவளை ஜெயித்து என்ன ஆகப் போகிறது? அவள் கண் கடைசிக் குழாயில் இருந்தது. அங்கே வகுப்புப் பெண்களில் ஒருத்தி வென்லாவின் காதருகே குனிந்தாள். "யாரு அந்தப் பொம்பளை? பஸ் ஓட்டுறவங்கதானே? உனக்குத் தெரியுமா?"

வென்லா தண்ணீரை நிறுத்தினாள். அந்த நீள அறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும்படி கத்தினாள்:

"அம்மா! ஷாம்பு குடு!"

மெர்வி குப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "வேணும்னா இங்க வந்து வாங்கிக்கோ."

வென்லா எல்லார் கண்முன்னும் ஈரத் தரையில் நடந்து வந்து, அம்மாவின் குழாயடியில் நின்று, கையை நீட்டினாள்.